பிரிண்ட் வருது, ஸ்கேன் போகல: ஆறு கணினிகள், நான்கு காரணங்கள்

திங்கட்கிழமை காலை வந்த போன் இது.

"சார், காப்பியர்ல ஸ்கேன் போகமாட்டேங்குது."

"பிரிண்ட் வருதா?"

"அதெல்லாம் நல்லா வருது."

"ஸ்கேன் யாருக்குமே போகலையா?"

"யாருக்குமே போகல சார்."

அந்தக் கடைசி வரியை அப்படியே நம்பினேன். அன்றைக்கு முக்கால் மணி நேரம் வீணானது அதனால்தான்.

சின்ன அலுவலகம். ஆறு கணினிகள், ஒரு காப்பியர். காப்பியரின் திரையில் ஆறு பட்டன்கள்: வரவேற்பு, கணக்கு, மேலாளர், பில்லிங், ஸ்டோர், பர்ச்சேஸ். பட்டனை அழுத்தினால் அந்தந்தக் கணினியில் ஷேர் செய்து வைத்திருக்கும் ஃபோல்டரில் பிடிஎஃப் வந்து விழும். எஸ்எம்பி முறை, அதாவது விண்டோஸில் ஒரு கணினியின் ஃபோல்டரை இன்னொரு கணினியிலிருந்து திறக்கிறோமே, அதே வழி. போன வாரக் கடைசியில் அங்கே இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. பழைய ரூட்டர் போய்ப் புது ரூட்டர் வந்திருந்தது. பர்ச்சேஸ் மேசைக்குப் புதுக் கணினி ஒன்று வந்திருந்தது, விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. புது ரூட்டரிலும் பழைய 192.168.1 வரிசையையே வைத்திருந்தார்கள். காப்பியருக்கு அந்த வரிசையில் 200 என்று முடியும் நிலையான முகவரி ஏற்கெனவே உண்டு (இனி கடைசி எண்ணை மட்டும் சொல்கிறேன்). அதனால் பிரிண்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

"பிரிண்ட் வருதே, அப்புறம் ஸ்கேன் மட்டும் ஏன் போகல" என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் திசை வேறு. பிரிண்டில் கணினி காப்பியரைத் தேடிப் போகிறது, பெரும்பாலும் 9100 என்ற போர்ட்டில், அதாவது எண் போட்ட வாசலில். ஸ்கேனில் காப்பியர் கிளம்பிப் போய்க் கணினியின் கதவைத் தட்டி, பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி, உள்ளே போய், ஃபோல்டரைத் திறந்து, கோப்பை எழுதிவிட்டு வர வேண்டும். கதவு 445ஆம் போர்ட், ரொம்பப் பழைய மெஷின் என்றால் 139. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, இருக்கிறாயா என்று மட்டும் கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளையை அடித்து, "ரிப்ளை வருது பாருங்க சார்" என்று காட்டினார். அதுவும் கணினியிலிருந்து காப்பியருக்குப் போகிற திசைதான். காப்பியருக்கு வீடு இருக்கிறது என்று தெரிந்தது, கணினி கதவைத் திறக்குமா என்பது தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன்? மேலாளர் பக்கத்திலேயே நின்றிருந்ததால் அவர் பட்டனையே முதலில் தொட்டேன். பிழை. அந்தப் பட்டனை அழித்துப் புதிதாகப் போட்டேன். தொடுதிரை விசைப்பலகையில் கடவுச்சொல்லை மூன்று தடவை அடித்தேன். மெஷினை அணைத்துப் போட்டேன். ரூட்டர் மாறியது, எல்லாம் நின்றது, எனவே ஒரே காரணம், ஒரே மருந்து என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழிந்ததும்தான், மற்ற ஐந்து பட்டன்களை நான் அழுத்திக்கூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

சரி என்று ஆறு தாள்களை எடுத்தேன். கறுப்பு மார்க்கரால் ஒவ்வொன்றிலும் ஒரு மேசையின் பெயரைப் பெரிதாக எழுதினேன். ஒவ்வொரு தாளையும் அதற்குரிய பட்டனுக்கு அனுப்பி, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன்.

ஸ்டோர்: உடனே போய்ச் சேர்ந்தது. ஆக, "யாருக்குமே போகல" என்பது தப்பு. ஸ்டோர்காரர் அன்று லீவு, அவர் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். மேலாளர்: "இணைக்கிறது" என்று 40 நொடி சுற்றிவிட்டுப் பிழை. பில்லிங்: 2 நொடியில் பிழை. பர்ச்சேஸ்: 3 நொடியில் பிழை. கணக்கு, வரவேற்பு இரண்டுக்கும் "அனுப்பப்பட்டது" என்று பச்சை டிக். ஆனால் கணக்குக்காரர் தன் தாள் வரவில்லை என்றார்.

நேரத்தை ஏன் அளந்தேன் என்றால், பிழைச் செய்தியைவிட அது நிறையச் சொல்லும். பல காப்பியர்களில் எதற்கெடுத்தாலும் "இணைப்புத் தோல்வி" என்ற ஒரே வாசகம்தான் வரும். ஆனால் 2 நொடியில் பிழை வந்தால் எதிரே யாரோ இருக்கிறார்கள், பேசிப் பார்த்து மறுத்துவிட்டார்கள் என்று பொருள். கடவுச்சொல், அனுமதி, பேசும் முறை ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை. அரை நிமிடத்துக்கு மேல் சுற்றினால் பதிலே வரவில்லை. அந்த முகவரியில் ஆளே இல்லை, அல்லது கணினியின் காவலாளியான பயர்வால், தட்டுகிற சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விண்டோஸ் பயர்வால் "போ" என்று சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். மெஷின் காத்துக் காத்து அலுத்துப்போகும்.

முதலில் பச்சை டிக் விவகாரம். மெஷின் அனுப்பினேன் என்கிறது, கணக்குக்காரர் வரவில்லை என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால், தாள் வேறு எங்கோ போயிருக்க வேண்டும். வரவேற்பு மேசைக்குப் போய், "உங்க ஸ்கேன் ஃபோல்டரைத் திறங்க மேடம்" என்றேன். திறந்தார். உள்ளே ஒரே ஒரு கோப்பு. அதைத் திறந்தால் திரை முழுக்க என் கையெழுத்தில் "கணக்கு" என்று இருந்தது.

"காலையில இருந்து என்னென்னமோ வருது சார். என்னோடது இல்லன்னு அழிச்சிட்டேன்" என்றார் அவர். ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்த்தோம். பதினோரு கோப்புகள், அதில் இரண்டு சம்பளப் பட்டியல். பக்கத்தில் நின்றிருந்த கணக்குக்காரரின் முகம் மாறிவிட்டது. அவற்றை மீட்டு அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நடந்தது இதுதான். இந்த இரண்டு கணினிகளும் டிஎச்சிபி வழியாக, அதாவது ரூட்டரே எண் ஒதுக்கித் தரும் முறையில், முகவரி வாங்குபவை. முன்பு கணக்குக்கு 21, வரவேற்புக்கு 22. காப்பியரின் பட்டன்களிலும் அந்த எண்களே பதிந்திருந்தன. கணினி இயங்கத் தொடங்கும்போது பழைய முகவரியையே கேட்டுப் பார்க்கும். ஆனால் பழைய ரூட்டர் யாருக்கு எதைக் கொடுத்திருந்தது என்பது புது ரூட்டருக்குத் தெரியாது. மறுத்துவிட்டு, வந்த வரிசையில் கொடுத்துவிட்டது. அலுவலகத்தைத் திறப்பவர் வரவேற்பு மேடம். அவர் கணினிக்கு 21 கிடைத்தது, அடுத்து வந்த கணக்குக்காரருக்கு 22. அதாவது சரியாக இடம் மாறிவிட்டார்கள்.

வேறு அலுவலகமாக இருந்திருந்தால் இது "உள்நுழைய முடியவில்லை" என்ற பிழையோடு நின்றிருக்கும். இங்கே முன்பு வேலை பார்த்தவர் இந்த இரண்டு கணினிகளிலும் "ஸ்கேன்" என்ற ஒரே பயனர், ஒரே கடவுச்சொல், ஒரே ஷேர் பெயர் என்று வைத்திருந்தார். வசதிதான். ஆனால் ஒரே சாவி எல்லா வீட்டுக்கும் பொருந்தினால், தவறான வீட்டுக்குள் போனவனுக்கு அது தவறான வீடு என்றே தெரியாது. நான் கணினிக்கு ஒரு கடவுச்சொல் என்று மாற்றிவிட்டேன். இனி முகவரி மாறினால் மெஷின் பிழை காட்டும். சம்பளப் பட்டியல் வரவேற்பறையில் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்து 40 நொடிக்காரர், மேலாளர். அவருடைய கணினியில் முகவரி கையால் போட்டது, 23. பட்டனிலும் 23. ஆகவே முகவரிக் குழப்பம் இல்லை. குற்றம் மெஷினிலா கணினியிலா என்று பிரித்துப் பார்க்க நான் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலை உண்டு. காப்பியரின் பின்னால் இருக்கும் லேன் கேபிளைப் பிடுங்கி என் லேப்டாப்பில் செருகி, லேப்டாப்புக்குக் காப்பியரின் 200 முகவரியையே கொடுத்துவிடுவேன். பிறகு அதே பயனர், அதே கடவுச்சொல் கொடுத்து அந்த ஷேரைத் திறக்க முயல்வேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு என் லேப்டாப்தான் காப்பியர். கேபிள், ஸ்விட்ச் போர்ட், முகவரி, பயனர் கணக்கு எல்லாம் அப்படியே இருக்க, மெஷின் மட்டும் வேறு. ஆயிரம் ரீஸ்டார்ட்டைவிட இது பிரயோஜனம்.

மேலாளரின் கணினிக்கு லேப்டாப்பிலிருந்தும் பதில் இல்லை. ஆக மெஷின் நிரபராதி. அவர் கணினியில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால் "பப்ளிக்" என்று இருந்தது, அதாவது பொது இடம், தட்டுபவர்களைப் பயர்வால் உள்ளே விடாது. விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் ரூட்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய வன்பொருள் எண்ணை வைத்துத்தான். ரூட்டர் மாறினால், அதே கேபிள், அதே அறை, அதே எண்கள் என்றாலும் அதற்கு இது புது ஊர். மற்ற கணினிகள் பாதிக்கப்படாதது ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேலாளரே சொன்னார்: "சனிக்கிழமை ஓரத்துல நீலமா ஒண்ணு வந்து ஏதோ கேட்டுச்சு. வைரஸா இருக்கும்னு 'நோ' குடுத்தேன்." புது நெட்வொர்க்கில் மற்ற கருவிகள் இந்தக் கணினியைப் பார்க்கலாமா என்று விண்டோஸ் கேட்ட கேள்வி அது. மற்றவர்கள் படிக்காமலேயே "யெஸ்" கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கையாக இருந்தவருக்குத்தான் தண்டனை.

பயர்வாலை மொத்தமாக அணைத்துப் பார்த்தேன், ஸ்கேன் உடனே வந்தது. இந்த இடத்தில் பலர் அப்படியே கிளம்பிவிடுவார்கள் என்பதைப் பல அலுவலகங்களில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அணைத்துப் பார்ப்பது சோதனைக்கு மட்டும். திரும்பப் போட்டுவிட்டு, நெட்வொர்க்கை "பிரைவேட்" ஆக்கி, அந்த வகைக்குக் கோப்பு, பிரிண்டர் பகிர்வு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்தேன். பயர்வால் ஓடும்போதே ஸ்கேன் வந்தது.

பில்லிங் சீக்கிரம் முடிந்தது. அங்கே "ஸ்கேன்" பயனர் இல்லை, அந்த ஊழியரின் சொந்தக் கணக்கையே பட்டனில் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் முன்பு அவர் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவைதான் ஸ்கேன் எடுப்பார் என்பதால் அப்போது யாருக்கும் தெரியவில்லை. ரூட்டருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில், பாதுகாப்புப் பதிவில் 4625 என்ற எண்ணில் தோல்வி இருந்தது. அதன் துணைக் குறியீடு 6ஏ என்று முடிந்தால் பயனர் பெயர் சரி, கடவுச்சொல் தப்பு. 64 என்று முடிந்தால் அந்தப் பெயரில் ஆளே இல்லை. சில கணினிகளில் தோல்விகளைப் பதியும் வசதி முடங்கியிருக்கும், முதலில் அதை இயக்கிவிட்டு இன்னொரு தடவை ஸ்கேன் அனுப்ப வேண்டும். இங்கே 6ஏ. தனியாக ஒரு பயனரை உண்டாக்கி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஷேர் அனுமதி, ஃபோல்டரின் பாதுகாப்பு அனுமதி இரண்டிலும் எழுதும் உரிமை வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

கடைசியாகப் பர்ச்சேஸ் கணினி. உண்மையில் என்னை உட்காரவைத்தது இதுதான்.

எனக்கு முன்பே யாரோ இதில் கை வைத்திருந்தார்கள். கடவுச்சொல் இடத்தில் நான்கு இலக்க பின் நம்பர் இருந்தது. பின் நம்பர் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக வருபவருக்குச் செல்லாது. அது போக, விண்டோஸ் வசதிகள் பட்டியலில் எஸ்எம்பி 1 டிக் செய்யப்பட்டிருந்தது. ஸ்கேன் போகவில்லை என்று தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம் அதுதான். 1980களில் பிறந்த அந்தப் பேச்சுமுறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10, 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாக இருப்பதில்லை. இந்தக் காப்பியர் எஸ்எம்பி 2 பேசும், அமைப்பில் பார்த்துவிட்டேன். ஆக, அந்த டிக் செய்ததால் ஸ்கேன் வரவில்லை, கதவு மட்டும் திறந்து கிடந்தது. எடுத்துவிட்டேன்.

பின் நம்பருக்குப் பதில் முறையான உள்ளூர்ப் பயனர், கடவுச்சொல். மறுபடி அனுப்பினேன். 3 நொடியில் பிழை.

லேப்டாப்பைக் காப்பியர் இடத்தில் செருகினேன். ஷேர் திறந்தது, கோப்பும் எழுத முடிந்தது! மேலாளர் விஷயத்தில் மெஷினும் லேப்டாப்பும் சேர்ந்து தோற்றன. இங்கே லேப்டாப் ஜெயிக்கிறது, மெஷின் தோற்கிறது. பதிவைப் பார்த்தேன், மெஷினின் 200 முகவரியிலிருந்து 4624, அதாவது உள்நுழைவு வெற்றி. கடவுச்சொல் சரி, கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே போன அடுத்த அடியில் வெளியே தள்ளப்படுகிறது.

விண்டோஸ் 11 24எச்2வில் ப்ரோ போன்ற பதிப்புகள் எஸ்எம்பி கையொப்பத்தை இயல்பாகவே கட்டாயமாக்கிவிட்டன. உள்நுழைந்த பிறகு பேசும் ஒவ்வொரு செய்தியிலும், அந்த இணைப்புக்கென உண்டான ரகசியச் சாவியைக் கொண்டு ஒரு கையொப்பம் கணக்கிட்டு ஒட்ட வேண்டும். வழியில் எவனாவது செய்தியைத் திருத்தினால் கையொப்பம் ஒத்துவராது, கணினி ஏற்காது. முன்பெல்லாம் கையொப்பம் இல்லாவிட்டாலும் சாதாரணக் கணினிகள் விட்டுவிடும். என் லேப்டாப் கையொப்பம் இடும். எட்டு வருடத்துக்கு முந்தைய ஃபர்ம்வேரோடு, அதாவது மெஷினுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளோடு, ஓடும் இந்தக் காப்பியர் இடாது.

ஊகம் சரியா என்று பார்க்க, விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் அந்தக் கட்டாயத்தைத் தற்காலிகமாக நீக்கினேன். மார்க்கரில் "பர்ச்சேஸ்" என்று எழுதிய தாள் உடனே வந்து விழுந்தது. மறுபடி கட்டாயமாக்கினேன், பிழை. மறுபடி நீக்கினேன், வந்தது. இப்படி இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் காரணம் என்று எழுதுவேன். ஒரு தடவை சரியானால் அது தற்செயலாகவும் இருக்கலாம்.

நீக்கிய நிலையிலேயே விட்டுவிட்டால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். பர்ச்சேஸ்காரரும் அதைத்தான் கேட்டார். ஆனால் பழைய மெஷின் ஒன்றுக்காகப் புதுக் கணினியின் எல்லா இணைப்புக்கும் பூட்டைத் தளர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டாயத்தைத் திரும்பப் போட்டேன். காப்பியரின் சர்வீஸ் ஆளிடம் கேட்டதில் கையொப்பம் இடும் புது ஃபர்ம்வேர் இருப்பது தெரிந்தது, மூன்று நாளில் வந்து ஏற்றுவதாகச் சொன்னார். அதுவரை பென் டிரைவில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பர்ச்சேஸ்காரர் முகம் சுளித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஃபர்ம்வேரே வராத மெஷினாக இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

மிச்சம் இருந்தது முகவரிகள். ஸ்டோர் பட்டன் மட்டும் ஏன் தப்பித்தது என்று பார்த்தால், அதில் எண்ணுக்குப் பதில் கணினியின் பெயர் பதிந்திருந்தது. அட, எல்லாவற்றையும் பெயரிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றியது. ஸ்டோர், கணக்கு இரண்டும் பெயரில் வேலை செய்தன. பர்ச்சேஸ் பெயரை மெஷினால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் காப்பியர் பெயரைத் தேடுவது, நெட்வொர்க் முழுக்கப் பெயர் சொல்லிக் கூவும் பழைய நெட்பயாஸ் முறையில், 137ஆம் போர்ட்டில். 24எச்2வில் ஃபோல்டரைப் புதிதாக ஷேர் செய்யும்போது பயர்வால் 445ஐத் திறக்கிறதே தவிர, 137 முதல் 139 வரையிலான பழைய கதவுகளைத் திறப்பதில்லை. பழைய கணினிகள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், புதியது பார்க்காது. இனி வரும் கணினிகள் எல்லாம் புதியதாகத்தான் இருக்கும் என்பதால் பெயர் யோசனையைக் கைவிட்டு, ரூட்டரில் ஒவ்வொரு கணினியின் மேக் முகவரிக்கும் ஒரு எண்ணை ஒதுக்கிவைத்தேன். கையால் முகவரி போட்டிருந்த இரண்டு கணினிகளையும் டிஎச்சிபிக்கு மாற்றி அதே எண்களை ஒதுக்கினேன். எல்லாம் ஒரே இடத்தில், ரூட்டரில். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காப்பியரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு, ரூட்டரை மாற்றினால் முதலில் இதைப் பார்க்கவும் என்று கீழே எழுதினேன்.

வியாழக்கிழமை ஃபர்ம்வேர் ஏறியது. கையொப்பக் கட்டாயம் அப்படியே இருக்க, பர்ச்சேஸுக்கு இருபது பக்கம் ஒரே மூச்சில் போனது. ஆறு மார்க்கர் தாள்களையும் திரும்ப ஒரு சுற்று அனுப்பி, ஒவ்வொரு மேசைக்கும் நடந்துபோய்த் திரையில் எழுத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சை டிக்கை நம்பவில்லை.

மறுநாள் மாலை வரவேற்பு மேடம் போன் செய்தார். "சார், காலையில இருந்து எனக்கு ஒண்ணுமே வரல. மறுபடி ரிப்பேரா?"

"யாராவது உங்களுக்கு ஸ்கேன் அனுப்பினாங்களா?"

"இல்ல."

"அப்ப சரியா இருக்கு மேடம்."